கரியடுப்பில் செம்மறிச் சாப்ஸ்: வெளியே கருகி, எலும்போரம் வேகாமல் போவது ஏன்?

தணல் (மெல்பர்ன்):

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கொல்லையில் முதன்முதலாகக் கரியடுப்பு மூட்டிச் செம்மறிக் குட்டியின் சாப்ஸ் சுட்டேன். பன்னிரண்டு துண்டுகள் வைத்ததில் மூன்றைத்தான் விருந்தினர் தட்டில் வைக்க மனம் வந்தது. எங்கே பிழை செய்தேன் என்று அறிந்தவர்கள் சொன்னால் திருத்திக்கொள்வேன் என்பதால், நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

அடுப்பு 57 செ.மீ. அகலமுள்ள, மூடியோடு கூடிய உருண்டை வகை. கடையில் வாங்கிய பிரிக்கெட் கரியை (கரித்தூளை அழுத்திச் செய்த கட்டிகள்) அடித்தட்டு முழுவதும் பரப்பி, பற்றவைப்பதற்கென்று விற்கும் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் கொளுத்தினேன். பத்து நிமிடத்தில் சுவாலை நன்றாக எழுந்ததால், இந்தச் சூடு போதும் என்று எண்ணிக் கம்பித்தட்டை மேலே வைத்துத் துண்டுகளை நெருக்கமாக அடுக்கிவிட்டேன். இறைச்சி விலா எலும்போடு வெட்டியது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.5 செ.மீ. கனம் இருக்கும். தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், கரம் மசாலா, உப்பு, நல்லெண்ணெய் எல்லாம் சேர்த்து முந்திய இரவே பிசிறி வைத்திருந்தேன்.

வைத்த ஒரு நிமிடத்திற்குள் கொழுப்பு உருகிச் சொட்டத் தொடங்கியது. ஒவ்வொரு சொட்டுக்கும் கீழிருந்து தீ குப்பென்று கிளம்பிக் கம்பிக்கு மேலே எழுந்தது. நான்கு நிமிடத்தில் மசாலா முழுவதும் கரிப்பிடித்துக் கசந்துவிட்டது. எலும்பை ஒட்டிக் கத்தியால் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சையாக, வழவழவென்று இருந்தது. மண்ணெண்ணெய் போன்ற ஒரு வாடையும் ஏறியிருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார் ஒரு வாய் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தட்டை நகர்த்தியது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. மீந்ததை அவரே வாணலியில் போட்டு வெங்காயமும் மிளகும் சேர்த்துப் பிரட்டித் தந்ததால் அன்றைய சாப்பாடு தப்பியது.

அவர் ஊர் திரும்புவதற்குள் ஒருமுறையாவது சரியாகச் சுட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று விரும்புகிறேன்.

கிளிநொச்சியான் (சிட்னி):

வணக்கம் தம்பி. நீங்கள் இறைச்சியைத் தணலில் சுடவில்லை; சுவாலையில் காட்டியிருக்கிறீர்கள். உங்களுக்கு நேர்ந்த எல்லாக் கோளாறுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

நீறு பூத்த நெருப்பு என்று நாம் பேச்சில் சொல்வது, கரியடுப்பைப் பொறுத்தவரை அப்படியே ஓர் அளவுகோல். கரியின் மேல் சாம்பல் வெள்ளையாகப் போர்த்தி, காற்று பட்டால் மட்டும் உள்ளே செம்மை தெரிய வேண்டும். அதுவரை இறைச்சியைக் கையிலெடுக்கவே கூடாது. சுவாலை எழுந்து ஆடுகிற நேரத்தில் கரி இன்னும் முழுமையாகப் பற்றியிராது. நீங்கள் ஊற்றிய எண்ணெயும் அப்போது எரிந்து தீர்ந்திருக்காது. அந்த வாடை இறைச்சியில் ஏறியதற்குக் காரணம் அதுதான். எண்ணெயை விட்டுவிட்டு, கரி மூட்டுவதற்கென்று விற்கும் தகரச் சிம்னி ஒன்றை வாங்குங்கள். அது அடியில் கம்பி வலை வைத்த, கைப்பிடியுள்ள உருளை. மேலே கரியை நிரப்பிக் கீழே இரண்டு தாள் செய்தித்தாளைக் கசக்கி வைத்துக் கொளுத்தினால், சூடான காற்று மேலெழும்போது கீழிருந்து புதுக்காற்றை இழுத்துக்கொள்ளும். பதினைந்து முதல் இருபது நிமிடத்தில் மேற்கரி வரை சாம்பல் பூத்துவிடும்.

அடுத்தது, தணலை அடித்தட்டு முழுவதும் பரப்பக் கூடாது. சிம்னியைக் கவிழ்க்கும்போது எல்லாக் கரியையும் ஒரு பாதியில் மட்டும் கொட்டி, மறுபாதியை வெறுமையாக விடுங்கள். கொழுப்புள்ள செம்மறி இறைச்சிக்கு இந்த இரண்டு பாதி ஏற்பாடு இல்லாமல் கரியடுப்பு சரிவராது என்பது இருபது ஆண்டு அனுபவத்தில் நான் கண்டது. கொழுப்பு சொட்டித் தீ கிளம்பினால் துண்டை வெறும் பக்கத்துக்குத் தள்ள ஓர் இடம் வேண்டும். உங்களுக்கு அந்த இடமே இருக்கவில்லை. பன்னிரண்டு துண்டுகளும் ஒரே நேரத்தில் எரிகிற தீயில் நின்றிருக்கின்றன. தண்ணீர் தெளித்து அணைக்கப் பலர் முயல்வார்கள். அதனால் சாம்பல் பறந்து இறைச்சியில் ஒட்டுமே தவிர, தீ அடங்காது.

உள்ளங்கையைக் கம்பித்தட்டுக்கு ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்து எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று எண்ணுவதற்குள் கையை எடுக்க நேர்ந்தால் அது மேற்புறம் சிவக்க வைக்கும் சூடு. ஐந்து எண்ண முடிந்தால் நடுத்தரச் சூடு. வெறும் பக்கத்தில் இன்னும் நெடுநேரம் கை தாங்கும்.

மூடியையும் நீங்கள் பயன்படுத்தவில்லை என்று தெரிகிறது. இந்த உருண்டை அடுப்பு 1952இல் சிகாகோப் பக்கம் பிறந்தது. வெபர் சகோதரர் உலோகப் பணிமனையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், அங்கே செய்துவந்த நீர்மிதவையை இரண்டாக வெட்டி, கீழ்ப்பாதியை அடுப்பாகவும் மேற்பாதியை மூடியாகவும் ஆக்கினார். காற்றையும் தீயையும் அடக்கி ஆள்வதற்கென்றே மூடி வந்தது. மூடினால் உள்ளே போகும் காற்று குறையும்; காற்று குறைந்தால் கொழுப்பில் பிடித்த தீ தானே அமரும். மூடியிலுள்ள காற்றுத்துளை இறைச்சி இருக்கும் பக்கத்துக்கு நேராக வரும்படி திருப்பி வைத்தால், வெக்கையும் புகையும் இறைச்சியின் மேலாகத் தவழ்ந்து வெளியேறும்.

மருதாணி (டொராண்டோ):

ஐயா சொன்ன தீ அமைப்போடு நான் முழுவதும் உடன்படுகிறேன். ஊறவைத்ததைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உணவு வேதியியல் படித்தவள் என்பதால் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இறைச்சி பொன்னிறமாகி மணம் எழுவது, புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து வினைபுரிவதால். 1912இல் இதை விளக்கி எழுதிய பிரெஞ்சுக்காரர் லூயி கமீல் மையாரின் பெயராலேயே அந்த வினை வழங்குகிறது. இது விரைவாக நடக்க 140 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூடு வேண்டும். ஆனால் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. தயிரும் விழுதும் அப்பிய துண்டு முதலில் அந்த ஈரத்தை ஆவியாக்கிக் கொண்டிருக்கும். ஈரம் போன பிறகு தீயை முதலில் சந்திப்பது இறைச்சி அல்ல. மிளகாய்த்தூளும் பூண்டும் தயிரின் திடப்பொருளும்தான். அவை இறைச்சியைக் காட்டிலும் மிக விரைவாகக் கருகும். உங்கள் நாவில் கசந்தது அந்தக் கருகல்.

தந்தூர் அடுப்பில் தயிர் மசாலா நன்றாக வருகிறதே என்று கேட்கலாம். அங்கே துண்டு கம்பியில் கோக்கப்பட்டு நிற்கிறது; நான்கு புறச் சுவரிலிருந்தும் வெக்கை அடிக்கிறது. கம்பித்தட்டிலோ மசாலா இரும்பை நேராகத் தொடுகிறது, அடியிலிருந்து கொழுப்புத் தீயும் நக்குகிறது.

ஆகவே முதல் நாள் இரவில் உப்பு மட்டும் தடவுங்கள். எலும்போடு கூடிய ஒரு கிலோ இறைச்சிக்கு 10 முதல் 12 கிராம் போதும். மூடாமல் குளிர்பெட்டியில் வைத்தால், உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும். பிறகு அந்த உப்புநீரை இறைச்சியே மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். மேற்பரப்பு காய்ந்து, தொட்டால் விரலில் ஒட்டாமல் இருக்கும். இரவே செய்ய முடியாவிட்டால் முக்கால் மணி நேரம் முன்பாவது தடவுங்கள், அல்லது அடுப்பில் வைக்கும் அந்த நொடியில் தூவுங்கள். இடைப்பட்ட பதினைந்து இருபது நிமிடந்தான் கெட்ட நேரம். நீர் வெளியே வந்து நிற்கும், உள்ளே திரும்பியிராது.

மசாலாவை விட்டுவிடச் சொல்லவில்லை. நல்லெண்ணெயில் இடித்த மிளகு, சீரகம், சிறிது மிளகாய்த்தூள், நசுக்கிய பூண்டு ஆகியவற்றை மெல்லிய சூட்டில் காய்ச்சி வைத்துக்கொண்டு, துண்டை அடுப்பிலிருந்து இறக்குவதற்குக் கடைசி அரை நிமிடத்தில் தடவுங்கள். பூண்டு கருக நேரம் இராது, மணம் மட்டும் நிற்கும். எலுமிச்சைச் சாற்றைத் தட்டில் வைத்த பிறகு பிழியுங்கள்.

செவலைக்கிடாய் (சேலம்):

அம்மா சொன்னதில் ஒன்றை நான் ஏற்கத் தயங்குகிறேன். தயிரும் பப்பாளிக்காயும் இல்லாமல் சாப்ஸ் சுட்டால் எங்கள் பக்கத்தில் கடிக்கவே முடியாது. முப்பது ஆண்டுகளாக வீட்டில் சமைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பிஞ்சுப் பப்பாளியைத் தோலோடு அரைத்து ஒரு கரண்டி போடாமல் நான் சுட்ட சாப்ஸ் ஒவ்வொன்றும் ரப்பராகத்தான் வந்தது.

ஆனால் நாம் இருவரும் பேசுவது ஒரே இறைச்சியைப் பற்றித்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் மட்டன் என்று கேட்டால் பெரும்பாலும் வெள்ளாடுதான் கிடைக்கும். வெள்ளாட்டுக்குக் கொழுப்பு வயிற்றுக்குள் சேரும். தசைக்குள்ளும் முதுகின் மேலும் அதிகம் படியாது. செம்மறி எடுத்தாலும், எங்கள் மேச்சேரி ஆடு வெயிலில் நாளெல்லாம் நடந்து மேய்வது. உரோமம் குறைவு, முதுகில் கொழுப்பும் குறைவு. கறி சுவையாக இருக்கும், ஆனால் நார் இறுக்கம். ஆஸ்திரேலியாவில் நீங்கள் வாங்குவது இறைச்சிக்கென்றே கலப்பினமாக வளர்த்த குட்டி. முதுகுத் தசையின் மேல் ஒரு விரல் கனம் வெள்ளைக் கொழுப்பு நிற்கும்.

வயதும் கணக்கு. சந்தையில் ஆடு பிடிக்கும்போது வாயைப் பிளந்து பல் பார்க்காமல் யாரும் விலை பேச மாட்டார்கள். பல் போடாத (பால்பல் மட்டுமே உள்ள) குட்டி, இரண்டு பல், நான்கு பல் என்றுதான் பேச்சே நடக்கும். பல் போடாத குட்டியானால் தணலில் நேராகச் சுடலாம். நான்கு பல்லுக்கு மேல் போனால் குழம்புக்கும் சுக்காவுக்கும்தான்.

தணல் (மெல்பர்ன்):

ஐயா, இங்கும் பல்லை வைத்துத்தான் பெயர் வைக்கிறார்கள் என்று எங்கள் பகுதி இறைச்சிக்கடைக்காரர் சொன்னார். 2019 சூலை முதல் நாளிலிருந்து இங்குள்ள வரையறைப்படி, 12 மாதத்துக்கு உட்பட்டதோ நிலையான முன்பல் முழுதாக மேலெழுந்து பயன்பாட்டுக்கு வராததோதான் லேம்ப், அதாவது குட்டிக்கறி. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இங்கே விலா எலும்புத் துண்டைக் கட்லெட் என்கிறார்கள். முதல்முறை கடையில் அந்தப் பலகையைப் பார்த்தபோது உருளைக்கிழங்கு கட்லெட்டை நினைத்துக்கொண்டு தாண்டிப் போய்விட்டேன். சாப்ஸ் என்று கேட்டால் இடுப்புப் பக்கத்துத் துண்டையோ முன்னங்கால் சப்பைத் துண்டையோ தருகிறார்கள்.

மருதாணி (டொராண்டோ):

சேலத்து ஐயா சொல்வது வெள்ளாட்டுக்கு முற்றிலும் பொருந்தும். நான்தான் தெளிவாகப் பிரித்து எழுதவில்லை. பப்பாளிக்காயில் உள்ள பப்பைன் என்னும் நொதி புரதத்தை அறுக்கும். குளிர்பெட்டியில் அதன் வேலை மெதுவாக நடக்கும். இறைச்சி சூடேறி 60, 70 டிகிரியைக் கடக்கும்போதுதான் மிகுந்த வேகம் கொள்ளும். முற்றிய வெள்ளாட்டுத் துண்டை அது மென்மையாக்குகிறது. ஏற்கெனவே மென்மையான குட்டியின் விலாத் துண்டில் இரவெல்லாம் பூசி வைத்தால் மேற்புறம் குழைந்து, வாயில் மாவு போல் ஆகிவிடும். குட்டிச் செம்மறிக்குப் பப்பாளி வேண்டாம்.

ஆட்டு வாடை பற்றியும் ஒரு சொல். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் உரிய அந்த மொச்சை வாடை பெரிதும் கொழுப்பில்தான் இருக்கிறது; கிளைத்த சங்கிலி கொண்ட சில கொழுப்பு அமிலங்கள் அதற்குக் காரணம். ஆகவே வாடை பிடிக்காதவர்கள் மசாலாவைக் கூட்டுவதைவிட, முதுகுக் கொழுப்பை அரை செ.மீ. அளவுக்குச் சீவிவிட்டால் பயன் அதிகம். முழுவதும் சீவினால் சுவையும் போய்விடும்.

தணல் (மெல்பர்ன்):

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. எலும்போரம் ஏன் வேகாமல் நின்றது? என் தாயார் உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தால் உண்ண மாட்டார், இரத்தம் என்பார். அவருக்கும் எங்களுக்கும் சேர்த்து ஒரே அடுப்பில் எப்படிச் சுடுவது?

கிளிநொச்சியான் (சிட்னி):

எலும்பு சூட்டை மெதுவாகக் கடத்தும். அதனால் அதை ஒட்டிய சதை மற்ற இடத்தைவிடப் பின்தங்கியே வேகும். நான்கு நிமிடத்தில் மேற்புறம் கரியாகிவிட்டதால் நீங்கள் துண்டை இறக்க நேர்ந்தது. சூடு எலும்போரம் போய்ச் சேர நேரமே கிடைக்கவில்லை.

2.5 செ.மீ. துண்டுக்கு நான் செய்வது இது. முதலில் துண்டுகளை இடுக்கியால் நான்கு நான்காகச் சேர்த்துப் பிடித்து, முதுகுக் கொழுப்பு விளிம்பு மட்டும் கம்பியில் படும்படி, தணலுக்கும் வெறும் பக்கத்துக்கும் இடையிலுள்ள எல்லையில் நிறுத்துவேன். நேர் தணலின் மேல் அல்ல. இரண்டு மூன்று நிமிடத்தில் அந்த வெள்ளைக் கொழுப்பு முதலில் கண்ணாடி போலத் தெளிந்து, பிறகு ஓரம் பொன்னிறமாகும். சொட்டுகள் தணலுக்கு வெளியே விழும். பின்னால் தீ கிளம்பக் காரணமான கொழுப்பில் பெரும்பங்கு இந்தக் கட்டத்திலேயே வடிந்துவிடுகிறது. அதன் பிறகுதான் துண்டுகளைப் படுக்கவைத்துத் தணலுக்கு மேல் ஒரு புறம் இரண்டு நிமிடம், மறுபுறம் இரண்டு நிமிடம். பிறகு எலும்பு தணல் பக்கம் நோக்கும்படி வெறும் பக்கத்துக்கு மாற்றி மூடியைப் போட்டு மூன்று நான்கு நிமிடம். எலும்போரச் சதை வேகும் நேரம் இதுதான்.

இரட்டை எலும்பு வைத்து 4 செ.மீ. கனத்துக்கு வெட்டிய துண்டானால் வரிசையை மாற்றுங்கள்: முதலில் வெறும் பக்கத்தில் மூடி போட்டு உள்ளே 48 டிகிரி வரை வேகவிட்டு, கடைசியில் தணலில் காட்டிச் சிவக்க வையுங்கள். 1.5 செ.மீ.க்குக் குறைந்த மெல்லிய துண்டை நான் வாங்குவதே இல்லை. மேலே சிவப்பதற்குள் உள்ளே காய்ந்துவிடும்.

அம்மாவின் தட்டுக்கு விலாத் துண்டையே வைக்காதீர்கள். முன்னங்கால் சப்பைத் துண்டை வாங்குங்கள். விலையும் பாதிக்கு அருகில்தான் வரும். அதில் கொழுப்பும் சவ்வும் தசையோடு பின்னிக் கிடப்பதால் நன்றாக வெந்த பிறகும் சாறு நிற்கும். வெறும் பக்கத்தில் மூடி போட்டு நாற்பது ஐம்பது நிமிடம், நடுவில் இருமுறை திருப்பி, முடிவில் தணலில் ஒரு நிமிடம். நான் அறிந்தவரை நம் ஆட்கள் நாவுக்கு விலாத் துண்டைவிட இந்தச் சப்பைத் துண்டே ஏற்றது. வெளிநாட்டுச் சமையல் படங்களில் விலா எலும்பைச் சுத்தமாகச் சுரண்டி வெள்ளையாகக் காட்டுகிறார்கள் என்பதற்காக எல்லாரும் அதையே தேடுகிறார்கள். அந்தச் சுரண்டலில் போவதுதான் எலும்பில் ஒட்டி மொறுமொறுவென்று வரும் கறி. சுரண்டாத துண்டாகக் கேட்டு வாங்குங்கள்.

மருதாணி (டொராண்டோ):

தாயாரிடம் சொல்ல ஒரு செய்தி: வெட்டியபின் தட்டில் கசியும் சிவப்பு நீர் இரத்தம் அன்று. இரத்தம் அறுக்கும்போதே பெரும்பாலும் வடிந்துவிடுகிறது. தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் என்னும் புரதம் நீரில் கலந்து வருவதே அந்த நிறம். 60 டிகிரிக்கு மேல் அது மெல்ல மெல்லப் பழுப்பாகிறது. விளக்கிய பிறகும் அவர் விரும்பாவிட்டால் அது அவருடைய நாவின் உரிமை, வற்புறுத்த வேண்டாம்.

நிறத்தை நம்பாமல் ஊசி வெப்பமானி ஒன்றை வாங்குங்கள். பக்கவாட்டில் குத்தி, முனை எலும்பைத் தொடாமல் சதையின் நடுவில் நிற்க வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாக வேண்டுமென்றால் 55இலும், நடுத்தரமாக வேண்டுமென்றால் 60இலும் இறக்குங்கள். தட்டில் ஐந்து நிமிடம் ஆறும்போது இரண்டு மூன்று டிகிரி தானே ஏறும். அமெரிக்க வேளாண் துறை முழுத் துண்டுக்குச் சொல்லும் குறைந்த அளவு 63 டிகிரி, அதன்பின் மூன்று நிமிட ஆறல். கொத்திய கறிக்கு 71 டிகிரி. கொத்தும்போது வெளிப்புறக் கிருமி உள்ளே கலந்துவிடுவதே அந்த வேறுபாட்டுக்குக் காரணம். கருவுற்றிருப்பவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு இளஞ்சிவப்புத் துண்டைக் கொடுக்கவே கூடாது. செம்மறி இறைச்சியில் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி இருக்க வாய்ப்புண்டு. அது சிசுவைப் பாதிக்கும்.

கருகல் பற்றியும் கவலைப்பட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சிவப்பு இறைச்சியைப் புற்றுநோய் விளைவிக்க வாய்ப்பு மிக்கவை என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. கொழுப்பு தணலில் விழுந்து எழும் புகையிலும், தீ நக்கிய கருகலிலும் தீங்கான சேர்மங்கள் உருவாகின்றன. தீ கிளம்பாமல் சுடுவது சுவைக்காக மட்டும் நான் சொல்வதன்று. கருகிய ஓரத்தை வெட்டி எறிந்துவிடுங்கள்.

முதுகுளத்தூர் வாசி:

கரி பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். எங்கள் குடும்பம் சீமைக்கருவேல மரத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பம். வெட்டிய விறகை நெருக்கமாக நிறுத்தி அடுக்கி, இலைதழையும் வைக்கோலும் போர்த்தி, மண் பூசி, ஒரு வாயில் தீ வைத்து அடைத்துவிடுவோம். உள்ளே காற்றில்லாமல் நாள்கணக்கில் புழுங்கும். மேலே வரும் புகை வெள்ளையாகத் தடித்து இருக்கும்வரை விறகில் ஈரம் இருக்கிறது; மெலிந்து நீலமாக மாறினால் கரி விளைந்துவிட்டது. அந்தச் சமயம் தவறிக் காற்று புகுந்துவிட்டால் அத்தனையும் சாம்பல். இரவில் மூட்டத்தின் மேல் விரிசல் விழுந்தால் மண் பூச எழுந்து ஓடிய என் தகப்பனாரின் உள்ளங்கால்களில் கடைசிவரை கொப்புளத் தழும்பு இருந்தது.

நல்ல கரி கையில் எடுத்தால் இலேசாக இருக்கும். இரண்டைத் தட்டினால் கணீரென்று ஓசை வரும். மங்கலான ஓசையோடு கனமாக இருந்தால் உள்ளே விறகு வேகாமல் நிற்கிறது என்று பொருள். அந்தக் கரி புகைந்து கண்ணைக் கரிக்கும், இறைச்சியில் புகைவாடையை அதிகமாக ஏற்றும். அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதியில் இறைச்சி சுடப் பெயர்போன மெஸ்கீட் மரமும் எங்கள் சீமைக்கருவேலமும் ஒரே இனக்கூட்டம். சூடு மிகுதி, மணம் உண்டு. ஆனால் பற்றும்போது பொறி பறக்கும். சிம்னியில் மூட்டும்போது குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

மெல்பர்ன் நண்பருக்கு அங்கேயே நல்ல கரி உண்டு. அந்நாட்டுக் கிட்ஜி மரக்கரி கருவேல இனத்தைச் சேர்ந்தது, மிகவும் திண்மையானது. நெடுநேரம் நின்று எரியும். மல்லி என்னும் யூக்கலிப்டஸ் வேர்க்கட்டைக் கரியும் விற்பதாக என் மைத்துனர் சொன்னார். பிரிக்கெட் மோசமில்லை, சூடு சீராக இருக்கும், சாம்பல்தான் அதிகம். தேங்காய்ச் சிரட்டைக் கரி பொரியாது, புகையும் குறைவு. பொடிக்கட்டியாக இருப்பதால் காற்றுத்துளையை அடைத்துக்கொள்ளாதவாறு பார்த்துப் போட வேண்டும்.

மல்லிகைப்பந்தல் (சென்னை):

நான் அடுக்குமாடியில் ஐந்தாம் தளத்தில் இருக்கிறேன். பால்கனியில் கண்ணாடிச் சாளரம் போட்டு மூடியிருக்கிறோம். சிறிய கரியடுப்பு வாங்கலாமா?

மருதாணி (டொராண்டோ):

வேண்டவே வேண்டாம் அம்மா. எரியும் கரி கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். அதற்கு நிறமும் மணமும் இல்லை; புகை தெரியாத நன்கு நீறு பூத்த தணலிலும் அது வந்துகொண்டே இருக்கும். அடைத்த இடத்தில் ஆளையே கொல்லும். சாளரத்தைத் திறந்து வைத்தாலும் போதாது. உறவினர் வீட்டு மொட்டை மாடியோ திறந்த முற்றமோ கிடைத்தால் அங்கே செய்யுங்கள். சமைத்து முடித்த அடுப்பைக் குளிருக்காகவோ மழைக்காகவோ வீட்டுக்குள் கொண்டுவரவும் கூடாது.

கிளிநொச்சியான் (சிட்னி):

தம்பிக்கு இரண்டு விடயம் விட்டுப்போயிற்று. உங்கள் விக்டோரியா மாநிலத்தில் முழுத் தீத்தடை அறிவித்த நாளில் வெட்டவெளியில் கரியடுப்போ விறகடுப்போ மூட்டக் கூடாது. காலையில் அறிவிப்பைப் பார்த்துவிட்டு இறைச்சியை வெளியே எடுங்கள். கம்பித்தட்டைக் கழுவக் கம்பித் தூரிகை பயன்படுத்தாதீர்கள். உதிர்ந்த கம்பித்துண்டு இறைச்சியில் ஒட்டித் தொண்டையில் குத்தி மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. தோசைக்கல்லுக்கு நாம் செய்வதையே செய்யுங்கள்: பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டு, சூடான கம்பியில் அழுத்தித் தேயுங்கள். பழைய பிசுக்கும் போகும், இறைச்சியும் ஒட்டாது.

தணல் (மெல்பர்ன்):

நேற்று மாலை மறுபடியும் செய்தேன். முடிவை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

விலாத் துண்டு எட்டு, சப்பைத் துண்டு நான்கு. முந்திய இரவே உப்பு மட்டும் தடவித் தட்டில் பரப்பிக் குளிர்பெட்டியில் வைத்தேன். காலையில் மேற்பரப்பு காய்ந்து, கருஞ்சிவப்பாக இறுகியிருந்தது. சிம்னியில் கரி பூக்க இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. பொறுமையின்றி இருமுறை எடுக்கப் போனேன். நீறு என்ற சொல்லை நினைத்துக் கையை இழுத்துக்கொண்டேன். அம்மாவுக்கான சப்பைத் துண்டுகளை முதலில் வெறும் பக்கத்தில் ஏற்றி மூடினேன். முக்கால் மணி நேரத்தில் வெப்பமானி 82 காட்டியது. சவ்வு இளகி எலும்பிலிருந்து சதை சற்று விலகி நின்றது. தணலில் ஒரு நிமிடம் காட்டி எடுத்துத் தாளில் மூடி வைத்தேன்.

அதற்குள் தணல் தளர்ந்திருந்ததால் சிம்னியில் இன்னும் ஒரு பிடி கரி மூட்டிச் சேர்க்க வேண்டியிருந்தது. இது யாரும் சொல்லாத ஒன்று. அடுத்தமுறை சப்பையை ஏற்றும்போதே இரண்டாம் கரியைப் பற்றவைத்துவிடுவேன். விலாத் துண்டுகளைக் கொழுப்போரம் கீழே வைத்து இடுக்கியால் நிறுத்தினேன். ஐயா எழுதியவாறே கொழுப்பு முதலில் தெளிந்தது, பிறகு விளிம்பில் சின்னச் சின்னக் குமிழாகப் பொரிந்தது. படுக்கவைத்தபோது ஒரே ஒருமுறை தீ கிளம்பியது. அந்தத் துண்டை மட்டும் தள்ளினேன், அமர்ந்துவிட்டது. 56இல் இறக்கி மிளகெண்ணெய் தடவினேன். எலும்போரம் கீறிப் பார்த்தேன். இளஞ்சிவப்பு, ஆனால் பச்சை இல்லை.

அம்மா சப்பைத் துண்டு இரண்டை உண்டார். எலும்பை உறிஞ்சிவிட்டு, உப்பு மட்டுமா போட்டாய் என்று கேட்டார். பிறகு என் தட்டிலிருந்த விலாத் துண்டின் ஓரத்தை, சிவப்பு தெரியாத இடமாகப் பார்த்துக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

ஒன்று கேட்க வேண்டும். மூடியையும் இரண்டு காற்றுத்துளைகளையும் அடைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் கரி பாதிக்கு மேல் அணைந்து அப்படியே மீந்திருக்கிறது. அதை மறுபடி பயன்படுத்தலாமா?

முதுகுளத்தூர் வாசி:

தாராளமாகப் பயன்படுத்தலாம். காற்றை அடைத்து அணைத்த கரி மூட்டத்தில் விளைந்த கரியைப் போலத்தான். மேலிருக்கும் சாம்பலைக் குலுக்கி உதிர்த்துவிட்டு, சிம்னியில் புதுக்கரியை அடியிலும் இதை மேலேயும் போடுங்கள். தனியாகப் போட்டால் சூடு நெடுநேரம் நிற்காது. உதிர்த்த சாம்பலை மட்டும் இன்றைக்கே குப்பைத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். உள்ளே ஒரு பொட்டு நெருப்பு ஒளிந்திருக்கும். மூடியுள்ள தகர வாளியில் இரண்டு நாள் வைத்துவிட்டு, கையால் துழாவிக் குளிர்ந்ததை உறுதிசெய்த பிறகு கொட்டுங்கள்.